சோப்புப் பெட்டியில் ஒரு விரல் இடம்

‘போனமாசம்’ என்று ஒருவர் ஊருக்குள் நடமாடுகிறார் என்பது அக்காவின் காதில் முதன்முதலாக விழுந்தது ரொட்டிக் கடை வரிசையில். காலை ஏழரை மணி. முன்னால் பதினொரு பேர். பின்னால் எத்தனை பேர் என்று திரும்பிப் பார்க்க அவளுடைய கழுத்து இடம் கொடுக்காது. அடுப்பிலிருந்து ரொட்டி இறங்கும்வரை வாய்க்கு ஏதாவது வேலை வேண்டுமே; வரிசை பேசிக்கொண்டிருந்தது. அந்த வருஷத்துப் பணவீக்கம் ஐந்தரை சதவீதம் என்று முந்தின நாள்தான் வானொலியில் வாசித்திருந்தார்கள்.

“அஞ்சரையாம். எந்தக் கடையிலன்னு கேட்டுச் சொல்லுங்க, நானும் அங்கயே போய் வாங்கிக்கிறேன்,” என்றாள் பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கிறவள்.

“வீக்கமெல்லாம் பணத்துக்குத்தான். நம்ம பைக்கு வத்தல்,” என்றார் பின்னால் நின்ற லாரி ஓட்டுநர்.

“எல்லாம் அந்தப் போனமாசம் பண்ற வேலை,” என்றாள் பெருக்கித் துடைக்கிறவள். “தெரியாதா உங்களுக்கு? கடை கடையா வருவாரே. ஒண்ணும் வாங்க மாட்டாரு. சோப்பைக் கையில எடுத்து வச்சுக்கிட்டு, ‘போன மாசம் என்ன விலை சொன்னீங்க’ம்பாரு. இந்த மாசம் வந்தாலும் போன மாசம்தான், அடுத்த மாசம் வந்தாலும் போன மாசம்தான். வீட்டுக்காரி இன்னும் போன மாசத்துச் சோறுதான் போடுறா போல.”

அக்கா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணோரம் ஈரமாகும் அளவுக்குச் சிரித்தாள். பொத்திய கையை எடுப்பதற்குள் தெருமுனையில் ஆள் திரும்பிவிட்டார். காக்கிப் பை, அந்தப் பையின் பாரத்தில் இறங்கிப்போன இடது தோள், கக்கத்தில் செருகிய அட்டை, அட்டையில் நூலால் கட்டிய பென்சில். அவளுடைய தம்பி. கூடப் பிறந்த தம்பி.

தம்பி விலை எழுதும் வேலையில் இருக்கிறார் என்பது அக்காவுக்கு முப்பத்தோரு வருஷமாகத் தெரியும். ஊர் அதற்கு ஒரு பெயர் வைத்துச் சிரிக்கிறது என்பதுதான் தெரியாது. அவர் கிட்டே வர வர, அவள் கழுத்தைத் திருப்பிக் கடைச் சுவரில் தொங்கிய விலைப் பலகையை வாசிக்கத் தொடங்கினாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தன் கை ரேகையே தெரியாது. முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு நடந்தது.

அக்காவுக்கும் தம்பிக்கும் ஒன்பது வயது வித்தியாசம். நடுவில் பிறந்த இரண்டில் ஒன்று தங்கவில்லை. இன்னொன்று கப்பல் வேலைக்குப் போய், போன இடத்தில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு கடிதம் என்று இருந்து, அதுவும் நின்று போயிற்று. அம்மா வேலைக்குப் போய்விட்டதால் கடைசியில் பிறந்த இவரை அக்காதான் இடுப்பில் சுமந்தாள். தன்னுடைய இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதற்கு அவர்தான் காரணம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வாள். அவருக்குத் தோள் சாய்வு, அவளுக்கு இடுப்புச் சாய்வு. இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் பாதை கோணலோ என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும்.

புள்ளிவிவர அலுவலகத்தில் அவருக்கு வேலை. மாதத்தின் முதல் வாரம், செவ்வாயில் தொடங்கி நான்கு நாள், அதே கடைகள், அதே நாற்பத்து மூன்று சாமான்கள். அரிசி முதல் தையல் நூல்வரை. இவரைப் போல நாட்டில் முந்நூறு ஊர்களில் ஆட்கள் எழுதி அனுப்ப, எல்லாவற்றையும் தலைமை அலுவலகத்தில் போட்டு அரைத்தால் கடைசியில் ஒரே ஒரு எண் இறங்கும். வானொலியில் வாசிப்பது அந்த எண்ணைத்தான். அது வரும் நாளில் தம்பி இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொள்வார். “நம்ம எண் இன்னிக்கு வருது,” என்பார், வெளியூரிலிருந்து மகன் வருகிற மாதிரி.

எந்தச் சாமானையும் கையில் எடுக்காமல் அவர் விலை கேட்க மாட்டார். “கையில எடுக்காம எழுதினா அது விலை இல்ல, வதந்தி,” என்பது அவர் பேச்சு. கடைக்காரர் டீ நீட்டினால் வாங்க மாட்டார். “குடிச்சா விலை இறங்கிடும். உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்.” கேட்ட விலையைப் பென்சிலால் எழுதுவார். வீட்டுக்குப் போய்க் கை கழுவிவிட்டு மசியால் எழுதுவார். அக்காவின் வீட்டுக்காரர் தவறிப்போன அன்று, வாடகை நாற்காலி இறக்க வந்தவரிடம், அழுது வீங்கிய கண்ணோடு, “போன மாசம் ஒரு நாற்காலி என்ன வாடகை?” என்று கேட்டுவிட்டார். கேட்ட மறுகணமே தன் வாயில் தானே போட்டுக்கொண்டார். அக்கா அந்தத் துக்கத்திலும் அதைப் பார்த்தாள். வேறு யாராவது அப்படிக் கேட்டிருந்தால் வீட்டுக்குள் சேர்த்திருக்க மாட்டாள்.

தான் விலை எழுதும் கடைகளில் அவர் எதையும் வாங்குவதில்லை. வாங்கினால் கடைக்காரர் தெரிந்த முகத்துக்காக ஒன்று இரண்டு குறைத்துச் சொல்வார், அந்தக் குறைந்த விலை நாட்டின் கணக்கில் ஏறிவிடும் என்று பயம். அதனால் அவருடைய வீட்டுக்காரி இரண்டு மைல் நடந்து மொத்தச் சந்தைக்குப் போவாள். அங்கே சோப்பு உறை போட்டு வராது. நீளக் கட்டியிலிருந்து கம்பியால் அறுத்து நிறுத்துத் தருவார்கள். “ஊர்ல இருக்கற பொண்டாட்டிக்கெல்லாம் புருசன் வேலையால ஏதாவது சலுகை கிடைக்குது அண்ணி. எனக்குக் கிடைச்சது இந்த நடை,” என்று அக்காவிடம் காலை நீட்டிக் காட்டுவாள்.

அக்காவின் வீட்டுக்காரர் ஊருக்குத் தண்ணீர் திறந்து விடும் வேலையில் இருந்தவர். வால்வு சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டே தூங்கிய மனிதர். அவர் போன பிறகு அவருடைய பென்ஷனில் பாதி அக்காவுக்கு வருகிறது. விலைவாசி ஏறும் அளவுக்கு வருஷத்துக்கு ஒருமுறை அதோடு பஞ்சப்படி சேர்த்துக் கொடுப்பார்கள். அந்த அளவு என்பது தம்பியுடைய எண்தான். எண் ஐந்தரை என்றால் பென்ஷன் ஐந்தரை ஏறும். சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே அவள் இருக்கும் ஒற்றை அறைக்கோ வருஷா வருஷம் வாடகை பத்தில் ஒரு பங்கு ஏறும். இரண்டும் ஒரே படியில் ஏறுகிறவை அல்ல.

வேறு ஊரில் கட்டிக்கொடுத்த மகள் ஒவ்வொரு முறையும், “வந்துடும்மா, கூடத்துல ஒரு கட்டில் போட்டாப் போதும்,” என்கிறாள். நல்ல மகள்தான். ஆனால் கூடத்துக் கட்டில் என்றால், வீட்டில் டிவி அணைந்த பிறகு படுக்க வேண்டும், மாப்பிள்ளை எழுந்திருக்கும் முன்பு எழுந்திருக்க வேண்டும். அக்காவின் இடுப்பில் இப்போது தொங்குவது அவளுடைய அறைச் சாவி. அந்த ஒன்றுக்காகத்தான் முழு ரொட்டியை அரை ரொட்டியாக்கினாள். சாயங்கால டீயை நிறுத்தினாள். துணியைப் பத்து நாளைக்கு ஒருமுறை துவைத்தாள். ஐந்தரையோடு இந்த வருஷத்தைத் தள்ள முடியுமா என்பதுதான் அவளுடைய கவலை. ஏழு என்று வந்திருந்தால் தள்ளிவிடலாம்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத் தம்பி வருவார். சன்னலோர நாற்காலியில் உட்காருவார். ரொட்டிக் கடைக்கு அடுத்து வந்த ஞாயிறும் வந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்காததனால் அக்காவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“அன்னிக்கு வரிசையில நின்னப்ப வெயில் கண்ணைக் கூசிச்சுடா. எதிர்ல யாரு வர்றான்னே தெரியல.”

“எனக்கும்தான். நான் உன்னைப் பார்க்கவே இல்லியே அக்கா.”

இரண்டு பொய்யும் நடுவில் மேசைமேல் இருந்தன. சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் கை கழுவப் போனார்.

கழுவும் தொட்டிமேல் ஒரு தகரச் சோப்புப் பெட்டி. பத்து வருஷத்துக்கு முன்பு துணி சோப்போடு இலவசமாகக் கொடுத்தது. மூடியில் இருந்த படம் தேய்ந்து அடித்தகரம் தெரிகிறது. அந்தக் கம்பெனி சோப்புக்கென்றே அளவெடுத்துச் செய்த பெட்டி; கட்டியை உள்ளே வைத்தால் சட்டை போட்ட மாதிரி உட்காரும். வெளியே எடுக்கக் கரண்டிக் காம்பால் நெம்ப வேண்டும். தம்பி மூடியைத் திறக்கப் பெட்டியைத் தூக்கினார். உள்ளே கட்டி கடகடவென்று ஆடியது.

அக்கா சோற்றுப் பாத்திரத்தோடு வந்தபோது அவர் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். சோப்புக்கும் தகரத்துக்கும் நடுவே தன் சுட்டுவிரலை விட்டிருந்தார். விரல் தாராளமாகப் போயிற்று.

“அக்கா, இது எத்தனை நாள் தேய்ச்ச சோப்பு?”

“இன்னிக்குக் காலையிலதான் பிரிச்சேன். இன்னும் தண்ணியே படல. முன்ன எல்லாம் நெம்பி எடுக்கணும், இப்ப தானா குதிக்குது. மாசம் முழுக்க வர்ற சோப்பு மூணு வாரத்துல கரைஞ்சு போகுது.”

“எங்க வாங்கினே?”

“மூலைக் கடையிலதான். நீ எழுதுற கடை. அதே பதினெட்டு, ஒரு காசு ஏத்தலன்னு அவன் பெருமையா வேற சொன்னான்.”

உறையைக் கேட்டார். அவள் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து நீவிக் கொடுத்தாள். ஓரத்தில் எறும்பு வரிசை மாதிரி அச்சடித்திருந்ததைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். இருநூறு கிராம். அவருடைய அட்டையில் அந்தச் சோப்புக்கு நேரே இருநூற்று ஐம்பது கிராம் என்று அலுவலகத்திலிருந்தே அச்சாகி வரும். எடை மாறியிருந்தால் அடித்து எழுத வேண்டும் என்பது விதி. அவர் நிரப்புவது பக்கத்துக் கட்டத்தில் விலையை மட்டும். பதினான்கு மாதமாக அந்தக் கட்டத்தில் பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு. குறிப்பு: மாற்றமில்லை.

“பழைய கட்டி அளவுக்கு இப்ப இருபத்திரெண்டரை ஆகுது அக்கா. நாலுல ஒரு பங்கு ஏறியிருக்கு. நான் ஏறலன்னு எழுதியிருக்கேன்.”

“அவன் குறைச்சா நீ என்ன பண்ணுவே. சோறு ஆறுது, உக்காரு.”

“கையில எடுத்தேன் அக்கா. ஒவ்வொரு மாசமும் கையில எடுத்தேன்.”

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஒரே நாளில் ஐம்பது கிராம் குறைத்திருந்தால் அந்தக் கைக்குத் தெரிந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக இழைத்திருக்கிறார்கள். கை ஒவ்வொரு மாதமும் போன மாசத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டது. அந்தக் கடையில் வாங்கித் தன் வீட்டில் தேய்த்திருந்தால் அவருடைய வீட்டுக்காரி மூன்றாவது வாரமே சத்தம் போட்டிருப்பாள். வாங்கக் கூடாது என்று அவர் வைத்துக்கொண்ட நியாயமே அவர் கண்ணைக் கட்டிவிட்டது. அன்றைக்கு அக்கா போட்ட சோற்றில் அவர் வரைந்த கோலம்தான் மிச்சம்.

மறுநாள் அவர் செய்ததைக் கடைத்தெரு ஒரு வாரம் பேசியது. முப்பத்தோரு வருஷத்தில் முதல்முறையாகத் தன் பட்டியல் கடைகளில் காசு கொடுத்துச் சாமான் வாங்கினார். “என்ன சார், நாளைக்கு உலகம் முடியுதா? முன்னாடியே சொன்னீங்கன்னா நான் கடையைச் சாத்திட்டு வீட்டுக்குப் போவேன்,” என்றார் மூலைக் கடைக்காரர். தம்பி மீதிச் சில்லறையைக்கூட எண்ணாமல் வாங்கிக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்காரிக்கு முன்னால் பிரிக்க வெட்கப்பட்டுக்கொண்டு எல்லாவற்றையும் அக்காவின் அறைக்குக் கொண்டுவந்தார். வீட்டிலிருந்து சமையல் தராசு ஒன்றும் கொண்டுவந்தார். டீத் தூளை நிறுத்தார். பிஸ்கட்டை நிறுத்தார். தீப்பெட்டியைக் கட்டில்மேல் கவிழ்த்து, அக்கா குச்சிகளைப் பத்துப் பத்தாகப் பிரித்தாள். ஐம்பது இருக்க வேண்டியது முப்பத்தெட்டு. “ரெண்டு குச்சி ஒட்டிக்கிட்டிருக்கும், நல்லாப் பாரு,” என்றார். அவள் நகத்தால் ஒவ்வொன்றாகக் கீறிப் பார்த்தாள். முப்பத்தெட்டுதான். தையல் நூலைக் கதவுப் பிடியிலிருந்து நாற்காலிக் காலுக்கு இழுத்து, திரும்பக் கதவுக்கு இழுத்து, இரண்டு கிழடுகளும் அறைக்குள் சிலந்தி மாதிரி நடந்து நடந்து எண்ணினார்கள். நூறு முழமென்று பெயர் வைத்த உருளை எண்பதில் தீர்ந்து, கட்டை கீழே விழுந்து உருண்டது. கீழே சைக்கிள் கடைக்காரர், “மேல என்னம்மா விளையாட்டு?” என்று கேட்டார். நாற்பத்து மூன்று சாமான்களில் ஆறு இப்படி மெலிந்திருந்தன.

அக்கா நூலைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். சுருட்டச் சுருட்ட அவளுக்குள் ஏதோ முறுக்கேறியது. அரை ரொட்டியின் ஞாபகம், நிறுத்திய டீயின் ஞாபகம், ரொட்டிக் கடையில் முகத்தைத் திருப்பிய ஞாபகம் எல்லாம் சேர்ந்து நாக்கில் வந்து நின்றன.

“அப்ப என் அரை ரொட்டி உன் கையெழுத்துலதான் போச்சா?”

சொன்ன பிறகுதான் அவளுக்குக் காது கேட்டது. இடுப்பில் சுமந்த பிள்ளையை இப்படி ஒரு வார்த்தை அவள் சொன்னதில்லை. அவர் தராசின் முள்ளைப் பார்த்தபடி, “ஆமா அக்கா,” என்றார்.

அவள் பயந்துபோனாள். பயத்தில் இன்னொன்றும் சொன்னாள். “யாருக்கும் தெரியாதுல்ல? விட்டுடு. ரிட்டயர் ஆக இன்னும் எட்டு மாசம்தானே இருக்கு. வர்ற பணத்துல கை வச்சுடப் போறாங்க.”

“உனக்குத் தெரியுமே,” என்றார் தம்பி.

இரண்டில் எதற்காக அதிகம் வெட்கப்படுவது என்று அக்காவுக்கு இன்றுவரை விளங்கவில்லை: குற்றம் சொன்னதற்கா, அதே மூச்சில் மூடி மறைக்கச் சொன்னதற்கா.

புதன்கிழமை அலுவலகத்துக்கு அவளும் கூடப் போனாள். தகரப் பெட்டியை அவள்தான் மடியில் வைத்துக்கொண்டு வெளி பெஞ்சில் உட்கார்ந்தாள். அதிகாரி அறைக்குப் பாதிக் கதவு. உள்ளே பேசுவது முழுதும் கேட்கும். அதிகாரி, தம்பிக்கு ஒரு மகள் இருந்திருந்தால் இருக்கக்கூடிய வயதுப் பெண். மரியாதையாகப் பேசினாள்.

“உக்காருங்க சார்.”

“நின்னே சொல்றேன் மேடம்.”

நின்றே சொன்னார். ஆறு சாமானையும் மேசைமேல் வைத்து, பக்கத்தில் எடையைச் சொல்லி, எத்தனை மாதம் தவறாக எழுதினார் என்பதையும் சொன்னார். நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது.

“சரி, இதைச் சொன்னது நல்லது. ஆனா இதுக்குப் போய் இவ்வளவு கலங்கணுமா? முந்நூறு ஊர் சார். அதுல ஒரு ஊரு, ஆறு அயிட்டம். புள்ளிக்கு அப்புறம் மூணாவது இடத்துல அசையுமோ என்னவோ.”

“மத்த ஊர்லயும் என்னை மாதிரி கையில எடுத்துப் பார்த்தவங்கதானே மேடம் எழுதியிருப்பாங்க?”

உள்ளே பேனா மூடி கழலும் சத்தம் கேட்டது.

“நான் மேல எழுதறேன்,” என்றாள் அதிகாரி. “ஆனா வெளியான எண்ணைத் திருப்பி எழுதறது வழக்கமில்ல. பென்ஷன் எல்லாம் அதை வச்சுப் போட்டாச்சு. வர்ற மாசத்துலேர்ந்து நீங்க எடையையும் பார்த்து எழுதுங்க, அது போதும்.”

“எனக்கு ஒரு மெமோ கொடுத்துடுங்க மேடம்.”

“எதுக்கு?”

“தப்புக்கு.”

“அதெல்லாம் வேணாம் சார். எட்டு மாசத்துல நிம்மதியா வீட்டுக்குப் போங்க.”

வெளியே வந்தவரின் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. அக்கா பெட்டியோடு எழுந்து நின்றாள். அது யாருக்கும் தேவைப்படவில்லை. படி இறங்கும்போது, “திட்டல அக்கா,” என்றார். தெருவுக்கு வந்த பிறகு, “திட்டியிருந்தா இவ்வளவுதான்னு ஒரு அளவு இருந்திருக்கும்,” என்றார். அவள் பெட்டியை அவருடைய காக்கிப் பைக்குள் வைத்து வாரை மாட்டினாள்.

வாடகை ஏறியது. குறைகிற பணத்தைத் தான் தருவதாகத் தம்பி சொன்னார். “அதுக்கு உன் வீட்டுக்காரி இன்னும் ரெண்டு மைல் சேர்த்து நடப்பாளா?” என்று அக்கா வாயை அடைத்தாள். மகளுக்குச் சொல்லாமல் ஒரு வேலை செய்தாள். அறைக்கு நடுவே கயிறு கட்டி ஒரு திரை தொங்கவிட்டு, சன்னல் இருக்கும் பக்கத்தை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு விட்டாள். சாவிக்கு நகல் ஒன்று செய்து அவளிடம் கொடுத்தாள். சன்னலோர நாற்காலி இப்போது திரைக்கு இந்தப் பக்கம், அடுப்புக்கு முட்டுகிற மாதிரி கிடக்கிறது. அடுத்த இரண்டாவது ஞாயிறு தம்பி வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்.

“என்னடா பார்க்கறே. அறையும் சோப்பு ஆயிடுச்சு. நான் கொடுக்கறது அதே, கட்டி சின்னது,” என்று அவள் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. திரையின் கீழ்விளிம்புக்கும் தரைக்கும் நடுவே தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேடிக்கையையும் பார்த்துப் பேச வேண்டியிருக்கிறதே என்று அக்கா சோற்றுப் பாத்திரத்தை வெறுமனே கிளறினாள்.

அதற்குப் பிறகு மாதத்தின் முதல் செவ்வாயில் ரொட்டிக் கடை வரிசை அவரைக் கிட்டத்தில் பார்ப்பதில்லை. மூலைக் கடை ரொட்டிக் கடையைத் தாண்டி அதே பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் தெருமுனை திரும்பியதும் அவர் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவார். அங்கே நடைபாதை கிடையாது, சாக்கடை ஓரம். கால் வைக்க இடம் பார்த்துப் பார்த்து, வரிசை முடியும்வரை தலை குனிந்து நடந்து, பிறகு மறுபடியும் இந்தப் பக்கம் வருவார். தெருவில் ஏதோ தோண்டியிருக்கிறார்கள் போல என்று அக்கா முதல் மாதம் நினைத்தாள். இரண்டாவது மாதமும் அப்படியே போனார். அன்று பிற்பகல் துணி மடிக்கும்போது சட்டென்று அவளுக்குப் புரிந்தது. அவள் முகத்தைத் திருப்ப வேண்டிய அவசியம் இல்லாமல் அவர் செய்து கொடுக்கிறார். மடித்த துணியை அவள் மறுபடியும் பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

மூன்றாவது மாதத்துச் செவ்வாய். அவளுக்கு முன்னால் மூன்று பேர்தான். அரை ரொட்டிக்குச் சரியான காசு உள்ளங்கையில் சூடேறியிருந்தது. சாலைக்கு எதிர்ப்பக்கம் காக்கிப் பை வந்தது.

“அங்க பாருங்க, போனமாசம் ரூட்டை மாத்திட்டாரு,” என்றாள் பெருக்கித் துடைக்கிறவள். “நம்ம மூஞ்சியைப் பார்க்க வெக்கம் போல.”

இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா வரிசையிலிருந்து ஒரு கால் வெளியே வைத்தாள்.

“ஏம்மா, இடம் போயிடும். பின்னால இருபது பேர் நிக்கிறாங்க,” என்றார் லாரி ஓட்டுநர்.

“போகட்டும். அவன் என் தம்பி.”

பெருக்கித் துடைக்கிறவள் கையிலிருந்த பையை இன்னொரு கைக்கு மாற்றினாள். அக்கா அதைப் பார்க்க நிற்கவில்லை. இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து, ஒரு சைக்கிளை நிறுத்தி, சாலையைக் கடந்தாள். சாக்கடை ஓரத்தில் அவருக்குப் பக்கத்தில் போய், காக்கிப் பையின் ஒரு வாரைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவளையும் பார்த்தார், எதிரே வரிசையையும் பார்த்தார்.

“ரொட்டி?” என்றார்.

“நாளைக்கு வாங்கிக்கலாம். இந்தப் பக்கம் நாத்தம் அடிக்குது, வா.”

வரிசை நிற்கும் பக்கமாகவே, இருபது இருபத்திரண்டு பேருக்கு முன்னால், இருவரும் கோணலாக நடந்து போனார்கள்.

அவருடைய பணி ஓய்வுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அந்த வருஷத்து எண் ஐந்தரையாகவே நிற்கிறது. அவர் இப்போது மூலைக் கடையில் இருக்கிறார். கட்டியைத் தகரப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் சுட்டுவிரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அக்கா மூடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள்.